கணித மேதை இராமாநுஜனும் விடுபட்ட ஓர் எண்ணும்

புகழ் பெற்றோரின் சரித்திரங்களைப் படிக்கும்போது அவர்கள் எய்திய வெற்றிகளே முதலில் நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. அவர்கள் தவறியதும், தவறவிடப்பட்டதும் பின்னர்தான் தெரியவருகின்றன. ஆயினும், இளைஞராகிய நமக்கு அதிகம் பயன்தருவது சில வேளைகளில் அந்தப் பின்பகுதியே. ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையிற் புகழ் நாட்டி, 32 வயதிலே மறைந்த ஸ்ரீநிவாச இராமாநுஜனின் வாழ்க்கையும் அத்தகையது.

இராமாநுஜன் என்றதும் 1729 என்னும் எண் நினைவுக்கு வராத கணித மாணவர் மிகச் சிலரே. அந்தக் கதையை உரிய இடத்திற் சொல்வோம். அவரது வாழ்வோடு பிணைந்த வேறோர் எண்ணும் உண்டு. அஃது 293,318,625,600. சொல்லிற் கூறுவதானால் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. 1915 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு பெரும் பட்டியலில் இந்த எண் இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. அந்த விடுபட்ட எண்ணை மனத்திற் கொண்டு அவரது சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறுவதே எமது நோக்கம்.

பிறப்பும் இளமையும்

இராமாநுஜன் 1887 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22 ஆந் திகதி ஈரோட்டிலே தம் தாயாரின் பெற்றோர் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்திலே ஒரு புடவைக் கடையிற் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடுபவர். தெய்வ பக்தியும் மன உறுதியும் மிக்கவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த சிறு வீடே குடும்பத்தின் இருப்பிடம். கடைக் குமாஸ்தாவின் சம்பளம் போதாமையால், வெளியூர் மாணவருக்கு வீட்டிலே சாப்பாடும் இடமும் கொடுத்துச் சிறிது பணம் தேடவேண்டிய நிலையும் அவர்களுக்கு ஏற்பட்டது.

அக்காலம் எமது முன்னோரின் காலமுமாகும். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து எமது பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து இந்த ஊவா மலைகளுக்கு வந்து, கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலையை நட்டுக்கொண்டிருந்தார்கள். இராமாநுஜன் பிறந்த ஈரோடும், அவரது குலதெய்வமாகிய நாமகிரித் தாயார் எழுந்தருளியுள்ள நாமக்கல்லும், தோட்டத்து முதியோர் இன்றும் ‘ஊர்’ என்று சொல்லும் அந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவையே. ஆகையால் இவர் நமக்கு அந்நியரல்லர்.

1898 இல் அவர் கும்பகோணம் நகர உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தார். மேல்வகுப்பு மாணவருக்குரிய திரிகோண கணித நூலொன்றை இரவல் வாங்கி, சிறு வயதிலேயே அதனை முற்றாகக் கற்றுத் தேர்ந்தார். 1903 அளவிலே கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு நூல் அவர் கைக்குக் கிட்டியது. பரீட்சைக்குப் படிப்போருக்காகத் தொகுக்கப்பட்ட நூல் அது. ஏறத்தாழ 5,000 தேற்றங்கள் அதில் வரிசையாக இருந்தன. அவற்றின் நிறுவல்களோ மிகச் சுருக்கமாகவே தரப்பட்டிருந்தன. மற்றொருவர் கையில் அது வெறும் குறிப்புப் புத்தகமாக இருந்திருக்கும். இராமாநுஜனோ ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். நிறுவும்போது புதியன தோன்றின. அவற்றைத் தொடர்ந்து மேலும் புதியன தோன்றின.

கடதாசி விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள். ஆகவே கணக்கெல்லாம் சிலேட்டிலே நடந்தது. எழுதியதை முழங்கையால் அழித்துவிட்டு அடுத்த வரியை எழுதுவார். முடிவை மாத்திரம் குறிப்புப் புத்தகத்திற் பதிவார். வழி சிலேட்டோடு அழிந்தது. முடிவு புத்தகத்திலே நின்றது. பிற்காலத்தில் உலகத்துக் கணித அறிஞர் பலர் அந்த அழிந்த வழிகளைத் தேடித் தமது ஆயுளைச் செலவிட்டனர்.

தோல்வி

1904 இல் நகரப் பாடசாலையை விட்டபோது கணிதத்துக்குரிய ரங்கநாதராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். அங்கே கணிதமொன்றைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. மனமுடைந்து 1905 இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து படித்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எப். ஏ. பரீட்சை எழுதி இரு முறையும் தோல்வியுற்றார். கணிதத்தில் அவரை வெல்ல ஆளில்லை; உடற்கூற்றியல் முதலிய பாடங்களோ அவருக்குக் கைவரவில்லை.

எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தாலன்றிப் பட்டியலிற் பெயர் வராது என்பது விதி. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் தமது பெயரையோ சுட்டெண்ணையோ தேடி, காணாமல் வீடு திரும்புவதன் வேதனையை நம்மிற் பலர் அறிவோம். அந்த வேதனையை இராமாநுஜன் இரண்டு முறை அனுபவித்தார். பட்டம் இல்லை, தொழில் இல்லை, வருவாய் இல்லை. 1909 ஜூலையில் ஜானகி என்னும் சிறுமியை அவருக்கு விவாகஞ் செய்து வைத்தனர். குடும்பப் பொறுப்பும் தோளில் ஏறியது.

அவர் குறிப்புப் புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார். 1910 இல், இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவரான இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரிலே கண்டார். அவர் அறிமுகஞ் செய்த வழியாக, நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் என்னும் பெரியாரின் ஆதரவு கிடைத்தது. மாதம் 25 ரூபா அவர் தம் கையிலிருந்து உதவினார். 1911 இல் இராமாநுஜனின் முதலாவது ஆராய்ச்சிக் கட்டுரை இந்தியக் கணித சங்கத்தின் சஞ்சிகையிலே வெளிவந்தது. 1912 மார்ச் முதலாந் திகதி சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியிலே மாதம் 30 ரூபாச் சம்பளத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். தமக்குக் கீழே வேலை செய்யும் குமாஸ்தா யார் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். துறைமுகத் தலைவரான பிரான்சிஸ் ஸ்பிறிங் துரையும் துணை நின்றார்.

கடிதமும் கடற் பயணமும்

இவர்களின் ஊக்கத்தால் இராமாநுஜன் இங்கிலாந்துக் கணித அறிஞருக்குக் கடிதம் எழுதத் துணிந்தார். முதலில் எழுதிய இருவரிடமிருந்து உதவி கிட்டவில்லை. 1913 ஜனவரி 16 ஆந் திகதி கேம்பிறிட்ஜ் திறினிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த ஹார்டி என்பவருக்கு எழுதினார். தேற்றங்கள் நிறைந்த அக்கடிதத்தை ஹார்டியும் அவர் நண்பர் லிற்றில்வூட்டும் ஓரிரவு ஆராய்ந்தனர். சில தேற்றங்கள் முன்னரே தெரிந்தவை. சில அவர்கள் கண்டிராதவை. இவற்றைப் பொய்யாகக் கற்பித்து எழுத ஒருவராலும் இயலாது, எழுதியவர் முதல்தரக் கணித மேதையே என அவர்கள் தீர்மானித்தனர். எப். ஏ. பரீட்சையில் இரு முறை தவறிய குமாஸ்தாவின் தரத்தை, ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த இருவர் ஒரு கடிதத்தாற் கண்டுகொண்டனர்.

அந்த ஆண்டிலேயே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது. ஆசார வைணவ பிராமணர் கடல் கடத்தல் அந்நாளில் எளிதான காரியமன்று. தாயார் இணங்கவில்லை. நாமகிரித் தாயாரின் அருளாணை கிடைத்த பின்னரே இணங்கினார் என்று கூறுவர். 1914 மார்ச் 17 இல் ‘நெவாசா’ என்னும் கப்பலிற் சென்னையை விட்டுப் புறப்பட்டு, ஏப்ரல் 14 இல் இலண்டன் சேர்ந்தார். நான்கு மாதம் கழியுமுன் முதலாம் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவன்றி உண்ணாத அவர், குளிரிலே தாமே சமைத்து, இரவும் பகலும் கணிதத்தில் மூழ்கியிருந்தார்.

காரணி மிக்க எண்கள்

இங்கிலாந்திலே அவர் எழுதிய முதற் பெருங் கட்டுரை 1915 இல் இலண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதன் பொருளை நாம் காரணி மிக்க எண்கள் என்று சொல்லலாம். இஃது என்னவென்று ஒரு தோட்டத்து உதாரணத்தால் விளக்குவோம்.

காலையிலே பெரட்டுக் களத்தில் 60 பேர் நிற்கின்றனர் எனக் கொள்வோம். ஆள் மிஞ்சாமல் அவர்களைச் சம கூட்டங்களாகப் பிரிக்கவேண்டும். கூட்டத்துக்கு 2 பேர், 3 பேர், 4 பேர், 5 பேர், 6 பேர், 10 பேர், 12 பேர், 15 பேர், 20 பேர், 30 பேர் என்று பல விதமாகப் பிரிக்கலாம். ஒவ்வொருவரையும் தனியே நிறுத்துவதையும், எல்லோரையும் ஒரே கூட்டமாக நிறுத்துவதையும் சேர்த்தால் 12 வழிகள். அதாவது 60 என்னும் எண்ணுக்கு 12 காரணிகள். ஒருவர் வரவில்லை, 59 பேரே நிற்கின்றனர் என்றால் எப்படிப் பிரிப்பது? தனித்தனியே, அல்லது ஒரே கூட்டமாக, வேறு வழியில்லை. 59 முதன்மை எண்ணாகும்.

60 க்குக் கீழேயுள்ள எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் காரணித் தொகையில் வென்று நிற்கும் எண்ணே காரணி மிக்க எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை செல்லும். 12 க்கு 6 காரணிகள். 24 க்கு 8. 36 க்கு 9. 48 க்கு 10. 60 ஐக் கடந்தால் 120 வரையில் இந்த வரிசைக்குரிய எண் ஒன்றுமில்லை. ஒரு நாழிகைக்கு 60 விநாடி என்றும், மணிக்கு 60 நிமிடம் என்றும், டசினுக்கு 12 என்றும் முன்னோர் வகுத்ததன் வசதியை இதிலிருந்து உணரலாம்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 60 ஐ முதன்மை எண்களாகப் பிரித்தால் 2 இரு முறையும், 3 ஒரு முறையும், 5 ஒரு முறையும் வரும். இந்த 2, 1, 1 ஆகிய சுட்டிகளோடு ஒவ்வொன்று கூட்டினால் 3, 2, 2. அவற்றைப் பெருக்கினால் 12. பாடசாலையில் நாம் கற்ற இந்த எளிய விதியையே பிடித்துக்கொண்டு இராமாநுஜன் வெகுதூரம் போனார். காரணி மிக்க எண்ணிலே 2 இன் சுட்டி 3 இன் சுட்டியிலும், 3 இன் சுட்டி 5 இன் சுட்டியிலும் ஒருபோதும் குறைந்திராது. சுட்டிகள் படிப்படியாக இறங்கியோ சமமாகவோ வரும். இடையிலே ஒரு முதன்மை எண்ணும் விடுபடாது. கடைசி முதன்மை எண்ணின் சுட்டி எப்பொழுதும் 1. 4, 36 என்னும் இரண்டு எண்களே இதற்கு விலக்கு. இவற்றையும் இவற்றினும் மிக நுட்பமானவற்றையும் அவர் நிறுவிக் காட்டினார். கணிதத்தின் பெருந்தெருவிலிருந்து சற்று விலகிய விஷயமே இது என்பது ஹார்டியின் கருத்து. எனினும் இதிற் காணப்படும் நுண்ணறிவையும் ஆற்றலையும் அவர் ஐயமின்றிப் போற்றினார்.

பட்டியலும் விடுபட்ட எண்ணும்

கட்டுரையோடு ஒரு பட்டியலும் வந்தது. கணனிகள் இல்லாத காலத்தில், கையாற் கணித்து, நூற்றுக்கு மேற்பட்ட காரணி மிக்க எண்களை இராமாநுஜன் வரிசைப்படுத்தினார். அதன் கடைசி எண் 6,746,328,388,800. இதன் காரணிகள் 10,080.

இந்தப் பட்டியலிலே ஓர் எண் மாத்திரம் இல்லை. அதுவே நாம் தொடக்கத்திற் கூறிய 293,318,625,600. இதனை முதன்மை எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரு முறை, 7 இரு முறை, பின்னர் 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை வரும். மேற்சொன்ன விதிப்படி 7, 5, 3, 3, 2, 2, 2, 2 ஆகியவற்றைப் பெருக்கினால் 5,040. ஆகவே இந்த எண்ணுக்கு 5,040 காரணிகள். வரிசையில் இதற்கு முன்னுள்ள எண் 240,940,299,600. அதற்கு 4,800 காரணிகள். பின்னுள்ளது 321,253,732,800, அதற்கு 5,376. இவ்விரண்டும் பட்டியலில் உள்ளன. நடுவிலுள்ளது இல்லை. வாசகர் பென்சிலும் கடதாசியும் எடுத்துத் தாமே பெருக்கிப் பார்க்கலாம்; ஐந்து நிமிடத்துக்கு மேற் செல்லாது.

பட்டியலின் கடைசி எண்ணைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். விடுபட்ட எண்ணை 23 ஆற் பெருக்கினால் வருவதே அது. விடுபட்ட எண்ணை 1 முதல் 22 வரையுள்ள எந்த எண்ணாலும் மீதியின்றிப் பிரிக்கலாம். 23 ஆற் பிரிக்க முடியாது. அந்த 23 உஞ் சேர்ந்துவிட்டால் 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் பிரியும். பட்டியலுக்கு முடிவாக நிற்கும் எண் அங்கு எழுதப்படாத எண்ணின் மேலேயே நிற்கின்றது.

இன்னுமோர் அழகு உண்டு. விடுபட்ட எண்ணின் காரணிகள் 5,040 என்றோம். அந்த 5,040 தானும் ஒரு காரணி மிக்க எண். அதற்கு 60 காரணிகள். 60 உம் அத்தகையதே, அதற்கு 12. 12 க்கு 6. 6 க்கு 4. ஒன்றையொன்று பெற்றெடுப்பதுபோல எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. 5,040 என்பது பழமை வாய்ந்த எண்ணுமாகும். கிரேக்க ஞானி பிளேட்டோ, தாம் மனத்திற் கண்ட நகரத்திலே 5,040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என விதித்தார். நிலத்தையும் கடமைகளையும் மீதியின்றிப் பங்கிட அந்த எண் ஏற்றது என்பதே அவர் கூறிய காரணம்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம், நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போக, தொண்ணூற்றொன்பதையும் விட்டு அந்த ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் கதையைப் பல முறை கேட்டிருக்கிறோம். நூற்றுக்கு மேற்பட்ட எண்களில் ஒன்று தவறிப்போன இந்தச் செய்தியை அறிந்தபோது அக்கதையே எமது நினைவுக்கு வந்தது. பிற்காலத்தார் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து அந்த எண்ணை அதன் இடத்திலே சேர்த்தனர். இதனால் இராமாநுஜனின் பெருமைக்கு ஓர் இழுக்கும் இல்லை. அவர் நிறுவிய விதிகளே அந்த எண் அங்கே இருக்கவேண்டும் என்பதற்குச் சாட்சி.

பட்டமும் விடுபட்ட பகுதியும்

காரணி மிக்க எண்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சிற் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு பீ. ஏ. பட்டம் வழங்கியது. எப். ஏ. பரீட்சையைக் கடக்க முடியாதவர், அப்பரீட்சையைக் கடவாமலே, ஆராய்ச்சியினாற் பட்டதாரியானார்.

அந்தக் கட்டுரையும் முழுமையாக அச்சேறவில்லை. போர்க் காலத்தில் இலண்டன் கணித சங்கம் பண நெருக்கடியில் இருந்தமையால், கட்டுரையின் பிற்பகுதி விடப்பட்டது. அப்பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1997 இல், அதாவது 82 ஆண்டுகளுக்குப் பின்னர், பிரான்சு தேசத்து அறிஞரான நிக்கொலா, றொபின் என்னும் இருவரது குறிப்புகளுடன் வெளிவந்தது. இதனிடையே 1944 இல் அலாவுகுளு, ஏர்டிஷ் என்போர் இத்துறையை மேலும் வளர்த்தனர். 1984 இல் அதே றொபின், ஓர் எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகை பற்றிய ஒரு நிபந்தனைக்கும், இன்றுவரை நிறுவப்படாத ரீமன் கருதுகோளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். அதனோடு நெருங்கிய முடிவுகள் இராமாநுஜனின் விடுபட்ட அந்தப் பக்கங்களிலேயே இருந்தன. ஒதுக்குப்புறமான விஷயமென்று எண்ணப்பட்டது கணிதத்தின் பெரும் புதிரொன்றின் வாசலிலே போய் நின்றது.

நோயும் மறைவும்

1917 இல் அவரைக் கடும் நோய் பற்றியது. ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி வாழ்ந்தார். இலண்டனுக்கு அருகே பற்னியில் அவர் படுத்திருந்தபோது ஹார்டி வாடகைக் காரிற் பார்க்கச் சென்றார். தாம் வந்த காரின் இலக்கம் 1729, சுவையற்ற எண் என்று ஹார்டி கூற, நோயாளி உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரு விதத்தில் எழுதக்கூடிய எண்களிலே மிகச் சிறியது அதுவே என்றார். 12 இன் கனமும் 1 இன் கனமும் சேர்ந்தால் 1729. 10 இன் கனமும் 9 இன் கனமும் சேர்ந்தாலும் 1729.

நோயிடையேயும் வேலை நிற்கவில்லை. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூறிடலாம் என்னும் வினாவுக்கு அவரும் ஹார்டியும் 1918 இல் ஒரு சூத்திரம் வெளியிட்டனர். 4 ஐ 4 என்றும், 3 உம் 1 உம் என்றும், 2 உம் 2 உம் என்றும், 2, 1, 1 என்றும், நான்கு ஒன்றுகள் என்றும் 5 விதமாகக் கூறிடலாம். 10 க்கு 42 விதம். 200 க்கு எத்தனை? மக்மாகன் என்பவர் பெருமுயற்சியுடன் கையாற் கணித்து 3,972,999,029,388 என்னும் விடையைப் பெற்றிருந்தார். சூத்திரம் தந்த விடையும் அதனோடு பொருந்தியது.

1918 இல் அவர் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். அதே ஆண்டு திறினிற்றிக் கல்லூரியும் அவரைத் தன் அங்கத்தவராக்கியது. அக்கல்லூரியில் அந்தக் கௌரவம் பெற்ற முதலாவது இந்தியர் அவரே. 1919 இல் தாயகம் திரும்பினார். 1920 ஜனவரியிற்கூடப் புதியதொரு கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 இல் சென்னைச் சேத்துப்பட்டிலே உயிர் நீத்தார். கடைசி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் திறினிற்றிக் கல்லூரி நூலகத்திலே கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976 இல் அன்ட்றூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். மனைவி ஜானகி அம்மையார் கணவருக்குப் பின் 74 ஆண்டுகள் வாழ்ந்து 1994 இற் காலமானார்.

நாம் கொள்ளவேண்டியது

பரீட்சைப் பட்டியலில் இராமாநுஜனின் பெயர் இல்லை. இராமாநுஜனின் பட்டியலில் 293,318,625,600 இல்லை. முதலாவது பட்டியலை எழுதியோர் அவரை அறியாதவர். இரண்டாவது பட்டியலை எழுதியவரோ உலகம் போற்றும் மேதை. ஆகவே பட்டியல் என்பது எவர் எழுதினாலும் மனிதர் எழுதியதே. அதில் ஒன்று விடுபடக்கூடும். விடுபட்டதனால் அந்த எண்ணின் 5,040 காரணிகளில் ஒன்றேனும் குறைந்துவிடவில்லை. எழுதப்படாதிருந்த காலமெல்லாம் அது தன் இடத்திலேயே இருந்தது.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களிற் பிறந்த நமக்கு இந்த உண்மை பிறர்க்குத் தெரிவதினும் நெருக்கமாகத் தெரியும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் எமது சமூகத்தாரிற் பெரும்பாலோர் இந்நாட்டுப் பிரசைகளின் வரிசையிலிருந்து விடுபட்டனர். 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் பதுளைப் புகைவண்டி நிலையத்திலே அழுது பிரிந்தன. எஞ்சியிருந்தோரின் குறை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. அந்த 55 ஆண்டுகளிலும் செக்ரோலிற் பெயர் இருந்தது. வாக்காளர் இடாப்பிற் பெயர் இல்லாதோர் பலர். அதனால் மலையிற் கொழுந்தெடுத்த கைகள் குறைந்தனவா? நிரை பிடித்த கால்கள் தளர்ந்தனவா? எழுதப்படாதிருந்த காலமெல்லாம் எமது தாய் தந்தையர் தம் இடத்திலேயே நின்றனர்.

எனினும் விடுபட்டது தானே தன்னைப் பட்டியலிற் சேர்த்துக்கொள்வதில்லை. ஒருவர் சரிபார்க்க வேண்டும். இராமசாமி ஐயரும், இராமச்சந்திர ராவும், நாராயண ஐயரும், ஹார்டியும் பார்த்திராவிட்டால் இராமாநுஜன் கும்பகோணத்துத் திண்ணையிலே சிலேட்டோடு இருந்திருப்பார். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போதிய ஆசிரியர் இல்லை என்பது தோட்டப் பாடசாலைகளைப் பற்றி நெடுங்காலமாகக் கேட்டுவரும் குறை. பசறையிலோ, லுணுகலையிலோ, அப்புத்தளையிலோ ஒரு லயத்துக் காம்பிராவிலே, பாடநூலிலில்லாத கணக்கொன்றைத் தானாகப் போட்டுப் பார்க்கும் சிறுவனோ சிறுமியோ இன்றும் இருக்கக்கூடும். சாதாரண தரத்தில் ஒரு பாடத்திலே தவறி, பெயர் வராமல், கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பப்படுமுன் அந்தப் பிள்ளையை ஒருவர் காணவேண்டும்.

சர்வகலாசாலை வரை வந்துவிட்ட நாமே அதற்கு முன்வருதல் தகும். விடுமுறைக்கு வீடு வரும்போது, ஞாயிற்றுக்கிழமைகளிலே இரண்டு மணி நேரம், தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ கணிதம் சொல்லிக் கொடுக்க எமது சங்கத்து இளைஞர் பத்துப் பேர் முன்வந்தாற் போதும். பத்துப் பேர் என்பது சிறிய தொகையே. ஆயினும் இராமாநுஜனைக் கண்டுகொண்டவர்கள் அதனினும் குறைந்தவர்களே என்பதை நினைவிற் கொண்டு, வருகிற விடுமுறையிலேயே இதனைத் தொடங்குவோமாக.